தலைக்கட்டு வரி

வருஷந்தோறும் ஜூலை மாதம் 10ஆம் தேதி காலையில் வேலூருக்குப் போகிறவர்கள் ஒரு சடங்கைப் பார்க்கலாம். மக்கான் என்று ஊரார் சொல்லும் இடத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. மற்ற நாட்களில் அதை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. அன்றைக்கு மட்டும் அதற்கு மாலை வரும். அதிகாரிகள் வந்து மலர் வளையம் வைப்பார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், பெட்டியிலிருந்து எடுத்த பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி ஒரு சலாம் வைப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். வெகுநேரம் நடக்காது. முடிந்ததும் பஸ்களும் ஆட்டோக்களும் பழையபடி இரைந்துகொண்டு போகும்.

இந்த மரியாதை 1806ஆம் வருஷத்துச் சிப்பாய்களுக்கு. புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று கும்பினிப் பட்டாளத்தில் உத்தரவு பிறந்தது. தலைப்பாகையில் தோல் சேர்ந்திருந்தது வேறு. ஏற்கெனவே கசந்திருந்த மனசு இதில் முறிந்துவிட்டது. ஜூலை 10ஆம் தேதி விடிவதற்கு முன்னால் கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் எழுந்தார்கள். வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்பவர் குதிரைப் படையோடு வந்து சேர்ந்தார். அதன் பிறகு செத்தவர்கள் எல்லாம் சிப்பாய்கள். அகப்பட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சிலரைப் பிற்பாடு விசாரணை நடத்திப் பீரங்கி வாயில் கட்டினார்கள். மாண்ட சிப்பாய்கள் சில நூறு பேர் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். இருநூறு வருஷம் முடிந்தபோது, 2006இல், தபால் இலாகா ஒரு தலையும் வெளியிட்டது.

நான் ஒரு ஜூலையில் வேறு வேலையாக வேலூரில் இருந்தபோது இந்தச் சடங்கைப் பார்த்தேன். மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலை முழுதும் ஒரு பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. 'வீரர்கள்', 'தியாகிகள்', 'சிப்பாய்கள்' என்று பன்மையிலேயே பேச்சு நடந்தது. தாய்க்குப் பிறக்கும்போது யாரும் பன்மையாகப் பிறப்பதில்லை அல்லவா?

அதே ஊரில் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் இடையில் புகுந்துபோய்ப் பார்த்தால் ஒரு கல்வெட்டு தெரியும். 1914 முதல் 1919 வரை நடந்த மகாயுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் இங்கிலீஷில் பொறித்திருக்கிறது. அவ்வளவுதான். இதே வாசகத்தோடு, எண்ணிக்கையை மட்டும் மாற்றி, அந்தக் காலத்துச் சர்க்கார் இந்தியா முழுவதும் எத்தனையோ ஊர்களில் கல் பதித்தது. போனவர் இத்தனை, வராதவர் இத்தனை. ஆட்டுக்கிடையில் மாலையில் தலை எண்ணுகிற மாதிரி.

இராக்கில் பாஸ்ராவில் முதல் யுத்தத்துக்கு ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் வெள்ளைக்காரர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, இந்தப் பட்டாளத்தில் இத்தனை பேர் என்ற எண்தான் உண்டு. பிரான்சில் நவ் ஷாப்பெல் என்ற இடத்தில் மட்டும் அப்படிச் செய்யாமல், நாலாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். பிரான்சைப் பார்க்கப் பல பேர் போவார்கள், பாஸ்ராவுக்கு யார் போகப்போகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

நம்மவர்கள் இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் வெகு கண்டிப்பாக இருந்திருக்கிறார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதற்குத் தொல்காப்பியத்திலேயே முறை இருக்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பது, அதை எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது என்று ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியிருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்தில் செங்கத்தைச் சுற்றிப் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். அவற்றில் எடத்தனூரில் உள்ள கல் எனக்கு மிகவும் பிடித்தது. எஜமானன் விழுந்த பிற்பாடும் ஓடாமல் நின்று, கள்ளர் இருவரைக் கடித்த நாய் ஒன்றுக்கு அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்திய நாய்க்குப் பெயர் நிற்கிறது. லாங் பஜாரில் அந்தப் பதினாலு பேருக்கு இல்லை.

இதையெல்லாம் ஒரு சரித்திர ஆராய்ச்சிக்காரன் போல நான் சொல்லிக்கொண்டு போவதற்குக் காரணம் எங்கள் காட்டூர்தான்.

காட்டூர் என்றால் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறது. நான் சொல்வது பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிப் பக்கத்துக் காட்டூர். ஏரி என்று பெயரே தவிர, தண்ணீர் உப்பு. கடலும் ஆறும் கலந்த நீர். ஒரிஸாவில் உள்ள சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உப்பேரி இதுதான். இறால், நண்டு, மடவை. இவற்றை நம்பித்தான் சுற்றிலும் குப்பங்கள். எங்கள் பக்கத்தில் நினைவுச் சின்னத்துக்குப் பஞ்சம் இல்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு பலகைக் கல்லிலும் பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி, குலச் சின்னம் எல்லாம் அழுத்தமாகக் கொத்தியிருக்கிறது. அந்தப் பெயர்களைப் படித்துக் கூப்பிட ஆள்தான் கிடையாது. தொல்பொருள் இலாகாவின் பலகை இருக்கிறது. ஆடு நுழையாமல் கதவு இருக்கிறது.

காட்டூரில் போரில் இறந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, தூணும் இல்லை. எங்கள் தெருவிலிருந்து யுத்தத்துக்குப் போனவர் ஒரே ஒருவர். அவர் என் தாத்தாவின் அண்ணன். அவரைப் பெரிய தாத்தா என்று சொல்லுவோம். அவருக்கு ஊர் செய்த மரியாதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் 1941இல் பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் அல்ல. பாதை போடுவது, மூட்டை இறக்குவது, பாலம் கட்டுவது போன்ற வேலைக்கு ஆள் எடுத்த பட்டாளம். இரண்டு வருஷமாக ஏரியில் இறால் சரியாக விழவில்லை, கல்யாணமாகி அப்போதுதான் இரண்டு வருஷம், கடன் இருந்தது. இந்தியாவிலிருந்து இரண்டாவது யுத்தத்தில் இருபத்தைந்து லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்றும், அவர்கள் எல்லாரும் தாங்களாக வந்து சேர்ந்தவர்கள் என்றும் புஸ்தகத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். இறால் விழாததும் கடன்காரன் வந்ததும் புஸ்தகத்தில் வருவதில்லை.

பர்மாவுக்கு அனுப்பினார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்தான். அந்த ஏப்ரலில் கொழும்பிலும் திரிகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. அந்த அமளியெல்லாம் அடங்கிச் சில மாதங்கள் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. பொன்னேரியில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் எடுத்துப்போய்ப் படிக்கச் சொன்னார்கள். 'காணவில்லை' என்று இருக்கிறது என்றார் அவர்.

'இறந்துவிட்டார்' என்று வந்திருந்தால் ஒரு பாட்டம் அழுது, பதினாறாம் நாள் காரியம் செய்து, வீடு தன் வழியில் நடந்திருக்கும். காணவில்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் பெரிய ஆயா — பெரிய தாத்தாவின் சம்சாரம் — அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கொண்டாள். கடலுக்குப் போனவன் பொழுது சாய்ந்தும் வரவில்லை என்றால் கரையில் நிற்பவர்கள் அவனைக் 'காணோம்' என்றுதான் சொல்வார்கள். செத்துப்போனான் என்றா சொல்வார்கள்? அவளுக்கு அப்போது பதினெட்டு வயசு. குழந்தை கிடையாது.

யுத்தம் முடிந்த பிறகு இன்னொரு கடுதாசி வந்தது. காணாமற்போனவரை இறந்தவராகக் கருதுவதென்று சர்க்கார் தீர்மானித்திருக்கிறது. மனைவிக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. இந்த இடத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று கண்டிருந்தது. பெரிய ஆயா மூன்று நாள் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டில் அரிசி இல்லை. மாமியார் அழுதாள். நாலாம் நாள் தானே எழுந்து வந்து மையில் விரலைத் தோய்த்தாள். "அவரு சம்பளத்த அங்கயே புடிச்சி வச்சினு இருந்தாங்க. இப்ப அனுப்பறாங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கு அப்புறம் ஏறக்குறைய நாற்பத்தெட்டு வருஷம் மாதாமாதம் வந்த மணியார்டரை அவள் புருஷன் சம்பளம் என்றுதான் சொன்னாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது.

அந்தப் பென்ஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடு இருப்பதாகவும் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் அத்தாட்சி தரவேண்டும். இதைப்பற்றி அவள் எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள்: "நான் கீறேனான்னு அவங்க கேக்கறாங்க. அவரு கீறாரான்னு நான் கேட்டா மட்டும் பதில் சொல்லமாட்டாங்க."

இப்போது ஊர் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

மீனவக் கிராமங்களில் தலைக்கட்டு என்பது வெறும் சொல் அல்ல. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவுக்கு வரி, பஞ்சாயத்தில் பேச்சு, ஏரியில் வலை கட்டும் முறை எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில்தான் நடக்கும். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல இடம், மட்டமான இடம் எல்லாருக்கும் மாறி மாறி வரும்படி பட்டியல் போட்டு, சீட்டெடுத்து, முறை வைப்பார்கள். சர்க்கார் சட்டம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் நீ ஊர்க்காரன். பெயர் போய்விட்டால் ஏரி இருந்தும் உனக்குத் தண்ணீர் இல்லை.

எங்கள் தெருவில் ஆடி மாசம் கங்கையம்மனுக்குக் கூழ் வார்ப்பதற்கு முன்னால் வரி வசூல் நடக்கும். கோயில் வாசலில் ஜமக்காளம் விரித்துப் பெரியவர்கள் உட்காருவார்கள். கணக்குப் பார்ப்பவர் நோட்டுப் புஸ்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பெயருக்கு உரியவன் எழுந்து வந்து தாம்பாளத்தில் பணத்தை வைத்துவிட்டுத் திருநீறு வாங்கிக்கொள்ள வேண்டும். புருஷன் செத்துப்போனால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். விதவையிடம் வரி வாங்குவதில்லை. பெரிய தாத்தா பட்டாளத்தில் இருந்த வருஷம் வரியை அவருடைய அம்மா கொண்டுபோய் வைத்தாள். காணவில்லை என்ற தந்தி வந்த மறு வருஷம், கணக்குப் பார்ப்பவர் பெயரைப் படிப்பதா விடுவதா என்று தயங்கினாராம். பெண்கள் பக்கத்திலிருந்து பெரிய ஆயா எழுந்து நேரே வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்துத் தாம்பாளத்தில் வைத்தாள். "பேரப் படிங்க, மாமா" என்றாள். படித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் இது நடந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது, 1980களில், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெயரைப் படிப்பார்கள். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அந்த ஒரு பெயருக்கு மட்டும் பேச்சை நிறுத்தும். யாரும் நிறுத்தச் சொன்னதில்லை. தலை நரைத்த பெரிய ஆயா ஆண்களுக்கு நடுவே நடந்து வருவாள். மணியார்டர் பணத்தில் எடுத்துவைத்த புது நோட்டைத் தாம்பாளத்தில் வைப்பாள். "அவரு பேருக்கு" என்பாள். பூசாரி திருநீறும் குங்குமமும் கொடுப்பார். இரண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போவாள். அடுத்த பெயர், மறுபடி சளசளப்பு.

நந்தம்பாக்கத்தில் யுத்தக் கல்லறை இருக்கிறதே, அங்கே நவம்பர் மாசத்தில் பல தேசத்துப் பிரதிநிதிகளும் ராணுவ அதிகாரிகளும் கூடி, எக்காளம் ஊதி, இரண்டு நிமிஷம் மௌனம் காப்பார்கள். எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்ட கல்லறைகள், வெட்டிவிட்ட புல்தரை, எல்லாக் கல்லும் ஒரே உயரம். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. வெகு அழகான இடம். அங்கே முதல்முறை அந்த மௌனத்தைக் கேட்டபோது, இது எனக்குப் பழக்கமான மௌனம்தானே என்று தோன்றியது. எக்காளம்தான் புதிசு.

இதை ஒரு புராணக் கதை போல, ஊரெல்லாம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது என்று முடித்துவிட்டால் வாசகர்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் விஷயம் அப்படியில்லை. வீட்டுக்குள் இன்னொருத்தி இருந்தாள்: பெரிய தாத்தாவைப் பெற்றவள்.

அந்தக் கிழவிக்கு மகன் செத்துவிட்டான் என்பதில் சந்தேகமே இல்லை. தந்தி வருவதற்கு முன்பே தெரியும் என்பாளாம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம்: அமாவாசையன்று கடற்கரையில் மகன் பெயரைச் சொல்லி ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். "என் புள்ள தாகத்துல கீறான்" என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து புலம்புவாளாம். தண்ணீர் விட்டால் அவன் செத்தவன். அவன் செத்தவனானால் மருமகள் விதவை. விடாவிட்டால் மருமகளின் குங்குமம் நிற்கும். பிள்ளையின் தாகம் நிற்காது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் பதினைந்து வருஷம் இப்படி இருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டார்கள் என்று நினைக்கவேண்டாம். மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் மலம் மூத்திரம் எடுத்தவள் மருமகள்தான். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1957இல் கிழவி கண்ணை மூடும்போதும் அதைத்தான் கேட்டாளாம். பெரிய ஆயா அவள் வாயில் பால் ஊற்றினாள், பதில் சொல்லவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று என் அப்பாவை ஒருமுறை கேட்டேன். "ரெண்டு பேரும் அவருக்காகத்தானேடா கேட்டாங்க" என்றார்.

வழி கண்டுபிடித்தவர் என் தாத்தா. அவர் அதிகம் பேசமாட்டார். புரட்டாசி மகாளய அமாவாசையன்று கடற்கரையில் புரோகிதர் சொல்லச் சொல்ல, அப்பா, தாத்தா, பாட்டனார் என்று தம் முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார். எல்லாம் முடிந்து புரோகிதர் எழுந்த பிற்பாடு இன்னொரு கை தண்ணீர் அள்ளி, பெயர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு நடப்பார். நான் கூடப் போயிருக்கிறேன். "அது யாருக்கு, தாத்தா?" என்று கேட்டதற்கு, "வேணுங்கறவங்க எடுத்துக்குவாங்க" என்றார். பந்துக்கள், சிநேகிதர்கள், தண்ணீர் விட நாதியில்லாதவர்கள் எல்லாருக்கும் மகாளயத்தில் பொதுவாக ஒரு பங்கு உண்டென்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். தாத்தா சாஸ்திரம் படித்தவர் அல்ல. அம்மாவின் தாகத்துக்கும் அண்ணியின் குங்குமத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஒரு கை தண்ணீர் அளவுக்கு இடம் கண்டுபிடித்துக்கொண்டார்.

பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால் இன்னொரு சங்கதியும் தெரியும். மகாளய பட்சத்தில் அமாவாசைக்கு முதல் நாள், சதுர்த்தசியன்று, 'சஸ்திரஹத' என்று போட்டிருப்பார்கள். ஆயுதத்தால் மாண்டவர்களுக்குரிய திதி அது. தூணும் மலர் வளையமும் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே, போரில் செத்தவனுக்கென்று வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாளும் எங்களுக்கு உதவவில்லை. பர்மாவில் குண்டுபட்டு மாண்டவர்களை விட மலேரியாவிலும் பேதியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ மடங்கு. பாதை போடப் போனவரை ஆயுதம் கொன்றதா, கொசு கொன்றதா?

பெரிய ஆயா 1993இல் சித்திரை மாசத்தில் காலமானாள். சுமங்கலியாகத்தான் எடுத்துப்போனார்கள், மஞ்சள் பூசி, பூ வைத்து. முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், "வரி கட்டின தலைக்கட்டோட பொண்டாட்டிப்பா. அப்பிடித்தான் எடுக்கணும்" என்று சொன்னதும் அடங்கிவிட்டார்கள். அவளுடைய தகரப் பெட்டியில் இரண்டு புடவை, தந்திக் காகிதம், ஒரு துணி முடிச்சு. முடிச்சில் அந்த வருஷத்து ஆடி வரி சரியாக எண்ணி வைத்திருந்தது.

அந்த வரியைத் தாத்தா கொண்டுபோய்த் தாம்பாளத்தில் வைத்தார். அதே வருஷம் மகாளய அமாவாசையன்று, அண்ணன் பெயரை வாய்விட்டுச் சொல்லித் தண்ணீர் விட்டார். தந்தி வந்து ஐம்பத்தோரு வருஷம் ஆகியிருந்தது. அண்ணிக்கும் விட்டார். ஆக, கடற்கரைக் கணக்கில் பெரிய தாத்தா இறந்தவர்; கோயில் கணக்கில் இருப்பவர். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையே என்று எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டது கிடையாது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா வரி கட்டினார். இப்போது நான் கட்டுகிறேன்.

யுத்தத்தில் இறந்த காமன்வெல்த் வீரர்களின் பதிவேட்டை இப்போது யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இரண்டாவது யுத்தத்தில் மாண்ட இந்தியர்கள் சுமார் 87,000 பேர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி நான் தேடினேன். யாங்கோனுக்கு வடக்கே தாவ்க்கியான் என்ற இடத்தில், கல்லறை இல்லாதவர்களுக்காக நெடிய தூண்களை நிறுத்தி, ஏறக்குறைய 27,000 பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று எங்களுடையது. பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. கூடவே இன்னாருடைய மகன், இன்னாளுடைய கணவன், செங்கற்பட்டு ஜில்லா என்றிருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தானே. அவர் அதை அறியார். இறந்த தேதி என்று 1942ஆம் வருஷத்துத் தேதி ஒன்றும் இருந்தது.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு எழுபத்தைந்துக்கு மேல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"ஆயா பேரு போட்டுருக்கா?"

"போட்டிருக்குப்பா. இதோ."

"பெத்தவங்க பேரு?"

"அப்பா பேருதான் போட்டிருக்கு. அம்மா பேரு இல்ல."

"ம்" என்றார். தேதி கிடைத்திருக்கிறதே, பஞ்சாங்கம் பார்த்துத் திதி கண்டுபிடித்துவிடலாமா என்று கேட்டேன். "அந்தத் தேதி யாரு நேர்ல பாத்து எழுதினது? எல்லாரும் சேர்ந்து கொடுக்கற அமாவாசையே இருக்கட்டும். தனியா ஒரு நாள்ல கூப்பிட்டா அவரு வழி தெரியாம நிப்பாரு" என்றார். அம்மாவின் பெயர் இல்லாததுதான் அவரை உறுத்தியிருக்க வேண்டும். அந்த வருஷம் கடற்கரையில், பாட்டியின் பெயரைச் சொல்லி ஒரு கை, உடனே பெரியப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு கை என்று அடுத்தடுத்து விட்டார். அதற்கு முன்பெல்லாம் அப்படி வரிசை வைத்ததில்லை.

தாவ்க்கியானில் பெயர் வெட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். யாரோ ஒரு குமாஸ்தா எங்கோ உட்கார்ந்து, பொன்னேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் பெயரை விசாரித்து, தப்பில்லாமல் எழுதிவைத்தானே, அவனுக்கு ஒரு கும்பிடு. வேலூர்த் தூணுக்கு மாலை போடுகிறவர்களையும் குறை சொல்லமாட்டேன். மாலைகூட இல்லாமல் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்! ஆனால் கல்லில் வெட்டிவிட்டால் ஞாபகம் தானாக நின்றுவிடும் என்று நம்புவதுதான் எனக்குச் சரிப்படவில்லை. பழவேற்காட்டு டச்சுக்காரர்களின் கல்லும் அழுத்தமாக வெட்டியதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை பெயரைச் சொல்ல ஒரு வாயும், அதற்காகப் பேச்சை நிறுத்த நாலு பேரும் வேண்டும்.

போன ஆடியில் வரி வசூலுக்குக் காட்டூருக்குப் போயிருந்தேன். கணக்குப் பார்க்க இப்போது ஒரு இளைஞன் வந்திருக்கிறான். பொறுப்பான பையன். பழைய நோட்டுப் புஸ்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் எதிரே ஆதார் எண், போன் நம்பர் எல்லாம் சேர்த்திருந்தான். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்று, "இவருக்கு ஆதாரும் இல்ல, போன் நம்பரும் இல்லையே. ஆளு இருக்காரா? பேர எடுத்துடலாமா?" என்று பொதுவாகக் கேட்டான்.

நான் பணத்தோடு எழுந்துவிட்டேன். அதற்குள் தூணோரம் சாய்ந்திருந்த கிழவர் ஒருவர் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்:

"அவரு பட்டாளத்துக்குப் போயிருக்காரு. வரி வந்துடும். நீ அடுத்த பேரப் படி."